ஐந்தாம் நாற்காலி

வெர்டெல் கெய்ன்ஸ் நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. மிசிசிப்பியின் அந்தச் சின்ன ஊரில், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கறுப்பின இளைஞன் மேல் திருட்டு வழக்கு. அவளுடைய அப்பாவை இதே கட்டடத்துக்கு மூன்று முறை வரவழைத்து, மூன்று முறையும் ஜூரி நாற்காலியில் உட்காரவிடாமல் அனுப்பியிருந்தார்கள். கெய்ன்ஸ் குடும்பத்தில் ஒருவராவது அதில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று அவள் வந்திருந்தாள்.

காலையில் நீதிபதி, "உடம்புக்கு முடியாதவங்க கை தூக்குங்க, வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றபோது பாதி அறை கை தூக்கியது. வெர்டெல் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மீன் ஆலையில் அவளோடு வேலை செய்யும் ரோஸ்கோவுக்கும் அழைப்பு வந்திருந்தது. அவனை, வழக்கம்போல், தன் வலப்பக்கம் உட்கார வைத்திருந்தாள்.

"மிஸ் வெர்டெல், எல்லாரும் பல்லு புடுங்க வந்த மாதிரி இருக்காங்க. நீங்க மட்டும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கீங்க."

"வாய மூடு ரோஸ்கோ. பேரு கூப்பிடுறாங்க."

அவள் பெயர்தான். ஐந்தாம் நாற்காலி. அரசு வழக்கறிஞர் ஹாலரனின் கேள்விகளுக்கு, தலையைத் திருப்பாமல் நேராகப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

ஹாலரன் காரணம் சொல்லாமலே மூன்று பேரை வேண்டாம் என்றார். மூவரும் கறுப்பர்கள், மூன்றாவது வெர்டெல். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே எழுந்து, நிறத்துக்காக விலக்கக் கூடாது, காரணம் சொல்லட்டும் என்றார். நீதிபதி மற்ற ஜூரர்களை வெளியே அனுப்பினார்.

"நிறமெல்லாம் இல்லீங்க" என்றார் ஹாலரன். "நான் பேசுறப்ப இந்தம்மா ஒரு தடவகூட என் முகத்தைப் பார்க்கல. எங்க தரப்பு மேல மனசுல ஏதோ வச்சிருக்காங்க."

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா பார்க்கல?"

சொன்னால் பரிதாபப்பட்டு வீட்டுக்கு அனுப்பலாம். சொல்லாவிட்டால் ஹாலரன் சொன்னதே நிற்கும். அப்பாவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

வெர்டெல் எழுந்தாள். முழு முகத்தையும் ஹாலரன் பக்கம் திருப்பினாள்.

"மனசுல ஒண்ணும் இல்ல சார். கழுத்தத் திருப்பினா கண்டுபிடிச்சு அனுப்பிடுவீங்கன்னுதான் நேரா பார்த்துக்கிட்டு இருந்தேன்." கைகளை நீட்டி விரல்களை விரித்தாள். "இருபத்தாறு வருஷமா கத்தி புடிச்சு மீன் அறுக்கறேன். பத்து விரலும் இருக்கு, எண்ணிக்கோங்க. நீங்க என் இடப்பக்கம் நின்னு பேசுனீங்க. அந்தப் பக்கம் எனக்குக் கண்ணு தெரியாது."