லாரி அச்சோடு நூறு பஸ்கி

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஜின்ஜா நகரில் எங்கள் பளுதூக்கும் கொட்டகையில் இருந்தவர்கள்: கோச் பாலிகோவா, பலகையில். டெனிவா, கவிழ்த்த லாரி டயரின் மேல், மடக்க முடியாத கால்களை நீட்டியபடி. அவன் தங்கை நபிரியே, வாசற்கல்லில். சங்கச் செயலாளரான நான், காகோயா, சிமெண்ட் எடைகளுக்கு அருகில், நோட்டுடன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் வராதவன் திரும்பி வந்தால், லாரி அச்சைத் தோளில் வைத்து, உட்கார்ந்து எழுந்து, நூறு பஸ்கி எடுக்க வேண்டும். இடையில் தண்ணீர் கிடையாது; குடித்தால் தசை தளர்ந்துவிடும் என்பார் கோச். வெள்ளிக்கிழமை டெனிவா எடுத்தான். எண்ணியது நான். எழுபதில் அவன் என்னைப் பார்த்தான். நான் எழுபத்தொன்று என்றேன்.

நபிரியே ஒரு பாட்டிலை நீட்டினாள். "காலையில அண்ணனுக்குப் போன மூத்திரம். பால் இல்லாத டீ மாதிரி இருக்கு."

கோச் சிரித்தார். "பழைய சோம்பல் கரைஞ்சு வெளியேறுது, தங்கச்சி. வலிச்சாத்தான் வளரும். நாளைக்கு இன்னொரு அம்பது எடுக்கட்டும், வலி பஞ்சு மாதிரி பறந்துடும்."

"இப்பல்லாம் சொட்டு சொட்டாத்தான் போகுது, கோச்," என்றான் டெனிவா.

"அப்ப மலேரியா. மாத்திரை போடு."

அவன் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. சென்ற ஆண்டு மீன் இறங்குதுறையில் மூட்டை தூக்கிய ஒருவனுக்கும் இதே நிறத்தில்தான் போனது. மலேரியா என்று நான்கு நாள் வீட்டில் கிடந்தான். ஐந்தாம் நாள் அடக்கம். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார்கள் பிறகு.

"ஆஸ்பத்திரிக்குப் போ, டெனிவா."

"போறேன் அக்கா. கேட்டா மலேரியான்னு சொல்லிக்கறேன். கோச்சைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். எண்ணியது காகோயா, வெள்ளி மாலை ஐந்து மணி. நாற்பது கிலோ அச்சு. நூறு பஸ்கி. தண்ணீர் இல்லை. இன்று மூத்திரம் கறுப்பு, அளவு குறைவு. மலேரியா என்று அவன் சொன்னால் நம்ப வேண்டாம், டாக்டர்.

கோச் எழுந்து வந்தார். "அது போச்சுன்னா கொட்டகையைப் பூட்டிடுவாங்க. எண்ணினது யாருன்னும் கேப்பாங்க."

"முதல் வரியிலயே எழுதியிருக்கேன், கோச்."

அவர் கை தாளை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது.

தாளை ஓர் உறையில் போட்டேன்; பசையை நனைக்க என் நாவில் ஈரமில்லை. நபிரியேதான் நனைத்து ஒட்டினாள். வாடகை பைக்கில் டெனிவாவை நடுவில் ஏற்றினோம். உறையை அவன் கேட்டான். கொடுக்கவில்லை. பின்னால் அமர்ந்த நபிரியேயின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, பைக் ஓட்டுபவனிடம் போகச் சொன்னேன்.