பாட்டு வெளிவரும் வரைக்கும்

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டோக்கன் மேடம் என்று பேர். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களை எண் சொல்லி உள்ளே அனுப்புவது அவள் வேலை. முப்பத்தேழு, மூன்றாம் அறை. முப்பத்தெட்டு, கொஞ்சம் பொறுங்கள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மாலை நாலு வரைக்கும் இதே ராகம்தான். இவள் சினிமாவுக்குப் பாட்டு எழுத அலைகிறவள் என்று யாராவது சொல்லியிருந்தால் அத்தனை பேரும் மருந்தையும் மறந்து கண்ணைத் திறந்து பார்த்திருப்பார்கள். சொல்லத்தான் ஆள் இல்லை.

அலைகிறவள் என்றேனே, அது கொஞ்சம் தப்பு. அவள் யார் வாசலிலும் போய்த் தவம் கிடந்ததில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஓர் இசையமைப்பாளருக்கு ஒரு பல்லவி, கூடவே இரண்டு வரிக் கடிதம். பதில் வந்தால் நன்றி சொல்வாள். வராவிட்டால் மூன்று வாரம் கழித்து அடுத்த பல்லவி. ‘என் பாட்டு என்னாயிற்று?’ என்று யாரையும் கேட்டதில்லை, யாரைப் பற்றியும் யாரிடமும் குறை சொன்னதில்லை. இப்படியே பதினோரு வருஷம். அதற்குப் பலனாகக் கிடைத்தது ஒரு மெத்தை விளம்பரம், அதுவும் நாலே வரி. வேறொருத்தியாக இருந்தால் அந்த மெத்தையிலேயே குப்புறப் படுத்து அழுதிருப்பாள்.

சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஓர் அக்கா, வேறு ஊரில். ஞாயிறு காலை பத்து மணிக்கு போன் வரும். சாப்பிட்டாயா, பிரஷர் மாத்திரை போட்டாயா, குழாயில் தண்ணீர் வருகிறதா. மூன்று கேள்வி, மூன்று பதில், முடிந்தது. பாட்டைப் பற்றி அக்கா ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், அந்தப் பைத்தியம் இன்னும் விடவில்லையா என்று. அதற்கப்புறம் இரண்டு பேருமே அந்தப் பக்கம் போகவில்லை.

பன்னிரண்டாவது வருஷம் ஒரு இசையமைப்பாளரிடமிருந்து மெட்டு வந்தது. வார்த்தையே இல்லாமல் ‘தன்னன்னா’ என்று அவரே முனகி அனுப்பியிருந்தார். நேரில் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"பாட்டு வெளிய வர்ற வரைக்கும் இது நம்ம நாலு பேருக்குத்தான். நான், என் அசிஸ்டென்ட், ட்ராக் பாடற பொண்ணு, நீங்க. உங்க வீட்டுச் சுவருக்குக்கூடக் கேக்க வேண்டாம்."

எட்டுப் பல்லவி திரும்பி வந்தது. எட்டாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மெட்டு உச்சிக்குப் போகிற இடத்தில் ‘ஆளுண்டு’ என்று முடிந்திருந்தது. அங்கே வாய் குவிந்தால் பாடுகிறவளுக்கு மூச்சு எங்கே நிற்கும்? வாய் திறக்கிற நெடில் வேண்டும் என்று திருப்பிவிட்டார். அவள் முகம் சுளிக்கவில்லை. டோக்கன் கூப்பிடுகிற இடைவெளியில், பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில், விரல் விட்டு எண்ணி எழுதினாள். ஒன்பதாவது வந்து விழுந்தது.

பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லையா?

அசிஸ்டென்ட் போனில் ஒரே வார்த்தை சொன்னான், ஓகே. சரணங்களும் தேறின. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ட்ராக் பாடுகிற பெண்ணின் குரலில், மாதிரிக்காகப் பாடிய முழுப் பாட்டும் வந்து சேர்ந்தது.

இரண்டே அறை உள்ள வீடு. ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுக் கேட்டாள். அந்த ‘இல்லையா’ மேலே போய் நின்றபோது உடம்பு சிலிர்த்தது. மறுபடி கேட்டாள். பதினான்கு தடவை கேட்டிருப்பாள். சந்தோஷம் தாங்கவில்லை, சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். துக்கத்தைத் தனியாக விழுங்கி அவளுக்குப் பழக்கம் உண்டு. சந்தோஷத்தைத் தனியாக விழுங்குவது அன்றைக்குத்தான் முதல் தடவை, அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ஞாயிறு. அக்கா மூன்று கேள்வியையும் முடித்துவிட்டு, எதிர்வீட்டுக்காரி வாங்கிய புது வீட்டைப் பற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"உனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு பாப்போம்?"

கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. ஒரு பாட்டு அனுப்புகிறேன், கேட்ட கையோடு அழித்துவிடு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பதினோரு வருஷம் கட்டிக் காத்த ஒழுங்கு ஒரு நிமிஷத்தில் போயிற்று.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அக்கா இரண்டாவது தடவை கூப்பிட்டது அதுதான் முதல் முறை. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இது நீயா குட்டி எழுதினே?"

அந்த வாரம் முழுக்க முப்பத்தேழும் முப்பத்தெட்டும் அவள் வாயில் கொஞ்சம் பாட்டாகவே வந்தன.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அசிஸ்டென்ட் கூப்பிட்டான். பாட்டு வெளியே போய்விட்டது. யாரோ தன் குழந்தை நடை பழகுகிற வீடியோவுக்குப் பின்னால் அதைப் போட்டு, ஊரெல்லாம் பரப்பியிருக்கிறார்கள். உடனே ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னான். வழியிலேயே அக்காவிடம் கேட்டாள். அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லையாம், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாராம், எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்களாம். அக்காவின் குரலில் அப்படி ஒரு பூரிப்பு. ஏன் கேட்கிறாய் என்றாள் அக்கா. சும்மாதான் என்றாள் இவள்.

ஸ்டூடியோ வராந்தாவில் ட்ராக் பாடுகிற பெண் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஊரெல்லாம் கேட்டது அவள் குரலை, ஆகவே பழியும் அவள் தலையில்தான். இனிமேல் அவளைப் பாடக் கூப்பிடுவதில்லை என்று உள்ளே முடிவாகிவிட்டதாம்.

"நான் யாருக்கும் அனுப்பலக்கா. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

இவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அசிஸ்டென்ட் எட்டிப் பார்த்து, மேடம் மேல் யாருக்கும் சந்தேகமே இல்லை, இத்தனை வருஷமாகப் பார்க்கிறோமே என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனான். உண்மைதான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இந்தப் பாட்டு போனாலும் அடுத்த மெட்டு நிச்சயம் வரும். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த நல்ல பேர், சரியாக இன்றைக்கு வந்து அவளை ஒளித்து வைத்துக்கொள்ளப் பார்த்தது. அந்தப் பேர்மீதே அவளுக்கு அருவருப்பு வந்தது.

எழுந்து உள்ளே போனாள்.

"சார், அந்தப் பொண்ணு இல்ல. நான்தான் எங்க அக்காவுக்கு அனுப்பினேன்."

இசையமைப்பாளர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மேஜையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா, நாலு மாசம் உங்களால பொறுக்க முடியலையா?"

பதினோரு வருஷம் பொறுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அதுதான் கேள்வி. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். அந்த மெட்டே வேண்டாம் என்று படக் கம்பெனி சொல்லிவிட்டது. அவள் பாட்டு எங்கேயும் வரவில்லை.

அக்காவிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. ‘நீயா எழுதினே?’ என்று கேட்ட அந்தக் குரலை எப்படித் திருப்பி வாங்குவது? படம் நின்றுபோயிற்று என்று ஒரு பொய்யைச் சொல்லி முடித்தாள்.

ஆறு மாதம் எதையும் அனுப்பவில்லை. அதற்கப்புறம் மறுபடி அதே இசையமைப்பாளருக்கு, மூன்று வாரத்துக்கு ஒரு பல்லவி, இரண்டு வரிக் கடிதம். பழையதைப் பற்றி ஒரு சொல் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. பன்னிரண்டு பல்லவி கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. பதிமூன்றாவது போன நாலாம் நாள் அசிஸ்டென்டிடமிருந்து ஒரு மெட்டு வந்தது. யாருக்கும் அனுப்பாதே என்று இந்தத் தடவை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குச் சுட்டது.

இந்தத் தடவை ஆறாவது பல்லவியிலேயே ஓகே வந்தது. சனிக்கிழமை ட்ராக்கும் வந்தது. பாடியது அதே பெண்தான், இன்னும் நன்றாகப் பாடியிருந்தாள். ஜன்னலைச் சாத்தி ஒரே தடவை கேட்டாள். கேட்டுவிட்டுப் போனைத் துணி அலமாரியில் வைத்தாள்.

ஞாயிறு காலை பத்து மணி. அக்காவிடம் இப்போது நாலாவதாகவும் ஒரு கேள்வி உண்டு. வாராவாரம் கேட்கிறாள்.

"புதுசா ஏதாவது எழுதினியா குட்டி?"

நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பக்கம் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்வியை அக்கா கேட்க வேண்டும் என்று ஏங்கியவள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லக்கா. ஒண்ணும் இல்ல."

தங்கைக்கு இனி எழுத வராது என்றே அக்கா முடிவு கட்டிவிட்டாள் போல. குரல் மெத்தென்று இருந்தது.

"போனாப் போகுது விடு. அந்த ஒரு பாட்டு போதும்டி எனக்கு. நான் அழிக்கவே இல்ல, தெரியுமா? தினமும் கேக்கறேன். இரு, போடறேன்."

இனிமேலாவது அழித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்டாள்.