காளைக்கு அடியில் உட்கார்ந்த ராஜா

கதைக்குள் பசுமாடு நுழைந்ததுமே டாக்டர் ஹெட்விக் லூடர்ஸுக்கு வரப்போகும் வம்பு புரிந்துவிட்டது.

கிராமத்துக் கூட்டுப்பண்ணையின் மன்றத்தில் கோர்ல் ப்ரூடிகம் மேடையேறிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஹெட்விக், அவனுடைய பிளாட் என்ற வட்டாரப் பேச்சைப் புத்தக ஜெர்மனில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் பெர்லினிலிருந்து வந்திருந்த கட்சி அதிகாரி தோழர் ரோஷருக்காக. அவர் சாக்சனிக்காரர், மெக்லன்பர்க் கிராமத்துப் பேச்சு அவருக்குச் சுட்டுப்போட்டாலும் புரியாது. ஹெட்விக் இருபது வருடமாகச் சேர்த்த கதைகளைப் பள்ளிகளுக்கு அச்சடிக்கலாமா என்று முடிவு செய்ய வந்தவர், கணப்படுப்புக்குப் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்து, டையின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் வசந்தத்தில்தான் ஊர் மாடுகளெல்லாம் அரசாங்கத்தின் கட்டாயத்தில் கூட்டுப்பண்ணைக் கொட்டகைக்குப் போயிருந்தன. கோர்லின் பசுக்களும் போயின. சாராயக்கடையில் அதைப் பற்றி வாயைவிட்ட பக்கத்து ஊர்க்காரர் இருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது இலையுதிர்காலம் வந்து பீட்கிழங்கே தோண்டியாகிவிட்டது, போனவர்கள் இன்னும் வீடு திரும்பவில்லை.

தப்பு ஹெட்விக்குடையதுதான். அந்தப் பக்கத்துக் கதைசொல்லிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு: கூட்டத்தில் எவர் பெரிய மனிதரோ, அவருடைய நடையையும் உடையையும் கதையில் வரும் முட்டாள் ராஜாவுக்கு மாட்டிவிடுவார்கள். அதைக் கண்டுபிடித்து எழுதியதே இவள்தான். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலியும் கிடைத்தது. அப்படிப்பட்டவள், பெர்லின்காரரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு கோர்லை மேடையேற்றினாள். படித்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற மறதி இது.

"அந்த ராஜா தூர தேசத்துலேர்ந்து வந்தவன். வந்ததும் அடுப்புப் பக்கமா இடம் புடிச்சுக்கிட்டான்," என்ற கோர்ல், சட்டை நுனியைப் பிடித்து, இல்லாத கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கித் துடைத்தான்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"என்னத்தைத் துடைக்கிறாரு அவரு?" என்றார் ரோஷர்.

"பொத்தானை, தோழரே. பழைய காலத்துப் பண்ணையார் ஒருத்தர். தங்கப் பொத்தான் போட்ட கோட்டு." ஹெட்விக் சட்டென்று சொல்லிவைத்தாள். கதைசொல்லியின் வாயிலிருந்து வந்த சொல்லில் ஒன்றைக்கூட மாற்றக்கூடாது என்று எத்தனை மாணவர்களைத் திட்டி அழவைத்திருப்பாள்! ராஜாவைப் பண்ணையாராக மாற்ற அவளுக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

கோர்ல் அவளைத் திரும்பிப் பார்த்தான். புத்தக ஜெர்மன் அவனுக்கு நன்றாகவே தெரியும். போதும், நிறுத்திக்கொள் என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். கதை பாதியில் இருக்கும்போது யார் கெஞ்சினாலும் கேட்கிற ஆள் இல்லை அவன்.

"ராஜா சொன்னான்: 'ஐயோ பாவம், உங்க மாடெல்லாம் தனியாக் கெடந்து ஏங்குது. எல்லாத்தையும் என் கொட்டகைக்கு ஓட்டிட்டு வாங்க.' 'சரிங்க ராஜா, பால் யாரு கறப்பா?'ன்னாங்க சனங்க. 'நானே கறக்குறேன்'னு வாளியை எடுத்துக்கிட்டுப் போனான், கொட்டகையிலேயே பெரிய உருப்படியாப் பார்த்து அடியில உட்கார்ந்தான். அது காளை!"

மன்றம் அதிர்ந்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பண்ணைத் தலைவரே சிரிப்பை அடக்க முடியாமல் விட்டத்தைப் பார்த்தார். ரோஷரும் என்னவென்று தெரியாமலே புன்னகைத்தார்.

"சொல்லுங்க டாக்டரம்மா, நானும் சிரிக்கணுமில்ல?"

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கதையைச் சேர்த்தவள் அவள். சொந்தமாக ஒரு வரி கட்டியதில்லை. இப்போது இத்தனை பேர் சிரித்ததற்குத் தகுந்த கதையை நின்ற இடத்திலேயே கட்டியாக வேண்டும்.

"பண்ணையார்... குடியானவனோட மாட்டையெல்லாம் எண்ணிக்கிட்டே பின்னால நடந்தாரு. வந்து... சாணிக்குழியில விழுந்துட்டாரு. 'டேய், சோப்பு கொண்டா'ன்னு கத்துனாரு. 'போன வாரம் அந்தச் சோப்பையும் நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க எஜமான்?'னான் குடியானவன்."

ரோஷர் சிரித்தார். ஆனால் மன்றத்தில் ஒரு சத்தம் இல்லை. அவர் சிரிப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அப்போது கோர்லின் மனைவி மீனா, முகத்தில் பயத்தை வைத்துக்கொண்டே வாயைத் திறந்து ஓவென்று சிரித்தாள். "சோப்பு!" என்று தொடையில் தட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்துவைத்தார்கள். ஹெட்விக்குக்கு மூச்சு வந்தது.

அது நிலைக்கவில்லை.

"உங்க கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன், டாக்டரம்மா," என்றார் ரோஷர். "எந்தக் கதையையும் ரெண்டு தடவை கேட்டாத்தான் நம்பலாம்னு எழுதியிருக்கீங்க. அருமையான முறை! எங்கே, தோழர் ப்ரூடிகம் இன்னொரு தடவை சொல்லட்டும். பள்ளிக்கூடம் போனவர்தானே? புத்தக ஜெர்மன்லயே சொல்லட்டும்."

அவர் சந்தேகப்பட்டுக் கேட்டாரா, ஆசைப்பட்டுக் கேட்டாரா என்று ஹெட்விக்குக்கு இன்றுவரை தெரியாது. கோர்ல் தன் கதையைச் சொன்னால் அந்தக் கார் இந்த ஊருக்கும் வரும். கோர்லோ, ஒரு ராஜாவின் குதிரை நிறத்தை மாற்றிச் சொல்லச் சொன்னதற்கே ஒருமுறை கேட்டவர் முகத்தில் கதவைச் சாத்தியவன். மீனாவின் கை தொடையிலேயே நின்றுவிட்டது.

கோர்ல் தொண்டையைச் செருமினான்.

"பண்ணையார்," என்றான். நிறுத்தினான். "குடியானவனோட மாட்டையெல்லாம் எண்ணிக்கிட்டே பின்னால நடந்தாரு. வந்து... சாணிக்குழியில விழுந்துட்டாரு."

ஹெட்விக் திணறிய இடத்தில் அவனும் திணறினான். அவள் சொன்னதில் ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. கை அசையவில்லை, முகம் அசையவில்லை. சோப்பில் கொண்டுவந்து முடித்துவிட்டு மேடையைவிட்டு இறங்கினான். அவமானத்தில் ஹெட்விக்குக்குக் காது எரிந்தது.

"சொல்லுக்குச் சொல் அப்படியே!" ரோஷர் எழுந்து நின்று கைதட்டினார். "புத்தகத்தோட முதல் கதை இதுதான். அவர் பேரைப் பெருசாப் போடுங்க."

காபியும் பிளம்ஸ் கேக்கும் வந்தன. ஹெட்விக் தட்டைத் தொடாமல் வெளியே ஓடினாள். கோர்ல் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருந்தான். மீனா ஏற்கனவே பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"கோர்ல், என்னை மன்னிச்சுடுங்க. வேற வழி தெரியல எனக்கு."

"புரியுது டாக்டரம்மா. நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. உங்களாலதான் இன்னைக்கு என் வீட்டுல தூங்கப்போறேன்." அவன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் பாழாய்ப்போன பழக்கம், இத்தனைக்கும் பிறகும் வாய் கேட்டுவிட்டது: "காளைக்கு அடியில உட்கார்ந்த அந்த ராஜா... அப்புறம் என்ன ஆனான்?"

கோர்ல் பெடலில் காலை வைத்தான்.

"அதான் நீங்களே முடிச்சுட்டீங்களே," என்றான்.