கூம்பு வைக்கும் இடம்

காலை எட்டே கால். பாலத்தடியில் இன்னும் வெயில் விழவில்லை.

மகேஸ்வரன் செம்மஞ்சள் கூம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் வேலை செய்யும் ஹோட்டலின் கார் தரிப்பிடத்துக் கூம்பு அது. ஒக்டோபரில் ஹோட்டலைப் பூட்டினால் டிசம்பரில்தான் திறப்பார்கள். கழுவப் பாத்திரமும் இராது, நிறுத்தக் காரும் வராது. சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கான எங்கடினில் அந்த நாட்களில் எல்லோருக்கும் ஓய்வு. பனிச்சமவெளியில் ஸ்கீ ஓடுபவர்களுக்கு மட்டும் இல்லை. பனி விழும்வரை அவர்கள் சில்லுப் பூட்டிய ஸ்கீயில் தார்ப்பாதையில் ஏறி, மூச்சு அறுந்து, இறங்கி, மறுபடி ஏறுவார்கள்.

வேணுகா பாலத்துக் கட்டில் குந்தியிருந்து சப்பாத்தை இறுக்கினாள்.

"டிராபிக் பொலிஸ் மாதிரி நிக்கிறீங்கள் அப்பா."

"பொலிஸ் எண்டால் முதல்ல உனக்குத்தான் தண்டம். ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டனீயோ?"

"ரெண்டு சாப்பிட்டனான். போய் வையுங்கோ, குளிருது."

அவர் ஏறினார்.

போன வருடம் இதே மாதம் வேணுகாவின் அண்ணன் அபிசன் இந்தப் பாதையில் தனியே பயிற்சிக்கு வந்தான். வேணுகாவுக்கு அன்று காய்ச்சல். இரண்டாவது வளைவில் மரம் வெட்ட வந்தவர்கள் அவனைக் கண்டார்கள். இதயம் நின்று நெடுநேரம் ஆகியிருந்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது.

வேணுகாவின் இதயத்தை வைத்தியர்கள் பலமுறை பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அபிசனுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இராஜேஸ்வரி மகளின் ஸ்கீகளை நிலவறையில் வைத்துப் பூட்டினாள். வசந்தத்தில்தான் திறப்பைக் கொடுத்தாள், ஒரு சொல் வாங்கிக்கொண்டு: அப்பா கூட நின்றால் மட்டும். தனியே ஒரு அடியும் இல்லை.

நான் நிற்கிறேன் என்றார் மகேஸ்வரன்.

பயிற்றுநர் ஒருநாள் வந்து இடம் குறித்துக் கொடுத்தாள். பாலத்திலிருந்து ஆட்கள் உட்காரும் மர வாங்கு வரைக்கும் முழு வேகம், நான்கு நிமிடம். பிறகு இளைப்பாறல். பிறகு மறுபடி. வாங்கடியில் கூம்பை வைப்பது அவர் வேலை.

முதல் நாள் அவள் வாங்கடிக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஸ்கீத் தடிகளில் தொங்கியபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த முறை கூம்பைக் கொஞ்சம் கீழே வைத்தார். அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். கோடை முடியும்போது கூம்பு மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியடிக்கு வந்துவிட்டது. அவளும் பெரிதாக வெளுக்காமல் வந்தாள்.

"நல்ல வேகமா வாறாய் பிள்ளை. அதுதான் கெதியா முடியுது," என்றார்.

"ஓம் அப்பா," என்றாள் அவள்.

டிசம்பரில் அணிக்குத் தேர்வு. அவள் தோற்றால் தோற்கட்டும் என்றே அவர் இருந்தார்.

தொட்டியடிக்கு வந்து குனிந்தவர், கூம்பை வைக்காமல் நிமிர்ந்தார்.

இரவு காற்று அடித்திருந்தது. லார்ச் மரங்கள் கொட்டிய மஞ்சள் ஊசியிலைகள் பாதையை மூடிக் கிடந்தன. அவற்றின் நடுவே சில்லு ஓடிய இரண்டு மெல்லிய கோடுகள். இரு பக்கமும் தடி குத்திய புள்ளிகள். கோடுகள் தொட்டியடியில் நிற்கவில்லை. மேலே போயின.

அவரும் போனார்.

வாங்கடியிலும் அவை நிற்கவில்லை. இரண்டாவது வளைவில்தான் நின்றன. அங்கே ஓரிடத்தில் இலைகள் நசுங்கிக் கிடந்தன. யாரோ இருந்து எழும்பிய இடம். அங்கிருந்து கீழே இறங்கியவை சப்பாத்துத் தடங்கள். சின்னப் பாதம்.

காலையில் ஹீட்டரின் மேல் ஈரக் கையுறை கிடந்தது அவருக்கு நினைவு வந்தது. தோய்த்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

கூம்போடு திரும்பி வந்தவரைப் பார்த்ததும் வேணுகா எழும்பினாள்.

"விடிய முன்னம் வந்தனீயோ?"

அவள் தலைக்கவசத்தின் பட்டியைப் பிடித்தாள். "ஓம்."

"தனியவோ?"

"ஓம்."

"எத்தினை நாளா?"

"கன நாளா."

"அம்மாவுக்கு நாங்கள் என்ன சொன்னனாங்கள்?"

"நீங்கள் கூட நிண்டாத்தான் எண்டு."

"பேந்தேன் தனிய வந்தனீ?"

"நீங்கள் நிண்டால் தொட்டியோட மறிக்கிறீங்களே அப்பா. அது தேர்வுக்குக் காணாது."

ஆறு சத்தமிட்டது. அவர் கூம்பைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"உனக்குத் தெரியுமோ?"

"கூம்பை நகர்த்தின அண்டைக்கே தெரியும். கையில மணிக்கூடு கட்டியிருக்கிறனெல்லோ. நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டீங்கள். அண்ணா போனாப் பிறகு நீங்கள் சிரிச்சு நான் காணேல்லை. அதுதான் ஒண்டும் சொல்லேல்லை."

அவர் மேலே, வளைவுப் பக்கம் பார்த்தார். இங்கிருந்து அது தெரியாது. இன்று காலை அவள் அங்கே விழுந்திருந்தாலும் தெரிந்திராது. அவர் அப்போது வீட்டில் தேத்தண்ணிக்குப் பால் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

"அங்க ஏன் இருந்தனீ?"

"மூச்சு வாங்கினது."

"வேற ஒண்டுமில்லையோ?"

"கொஞ்ச நேரம் அண்ணாவோட கதைச்சனான்."

அவர் மூக்கைப் புறங்கையால் துடைத்தார். அவள் குனிந்து ஒரு ஸ்கீயைப் பூட்டினாள், பிறகு மற்றதை. தடிகளின் வாரை மணிக்கட்டில் போட்டு, பாலத்தின் விளிம்பில் வந்து நின்றாள். மலையுச்சியில் வெயில் பட்டிருந்தது.

"அப்பா, இண்டைக்குக் கூம்பை எங்க வைக்கப் போறீங்கள்?"