துண்டுக்குள் இரண்டு விரல்

எங்கள் அத்தா, அதாவது அப்பா, கம்பம் சந்தையில் மாட்டுத் தரகர். விற்பவன் கையையும் வாங்குபவன் கையையும் ஒரே துண்டுக்கடியில் சேர்த்துவைப்பார். விரலைப் பிடித்தே விலை பேசிக்கொள்வார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் உள்ளே ஓடுவது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். படிந்ததும் அத்தா துண்டை உருவி, சந்தைக்கே கேட்கிற மாதிரி "முடிஞ்சது!" என்று கத்துவார். அதற்கப்புறம் எவனும் பேச்சு மாற முடியாது.

நான் பெங்களூருக்குப் போய் ஆறு வருஷம் இணைக்கணிப்பு படித்து டாக்டராகித் திரும்பினேன். ஒரு வேலையைப் பல கணினிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துச் சீக்கிரம் முடிக்கிற வித்தை அது. விளக்கிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அத்தா ஒரே கேள்வி கேட்டார்: "சரி, இதுல நீ எதை விக்கிற?"

இருபத்தாறு வருஷம் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. போன ஜனவரியில் கிடைத்தது.

தேனிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் பேராசிரியர். அங்கே ஏழாம் எண் அறை என்னுடைய ஆய்வகம். வங்கிகள் கழித்துப்போட்ட பதினாறு கணினிகளை ஒன்றோடொன்று கோத்து அதை உண்டாக்கியவன் நான். அதற்கு உயிர் கொடுத்தது செலின். ராயப்பன்பட்டிக்காரி. ஆய்வக உதவியாளராக வந்து, படித்து, ஆசிரியையாகி, என்னிடமே பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவள்.

கணினியே இல்லாமல் கணினிப் பாடத்தைத் தொடங்கலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு நாள் கேட்டாள்: "பத்துப் பேரு குலை வெட்டுறீக. எடை போட ஒரே தராசு. இன்னும் பத்துப் பேரை இறக்குனா வேலை சீக்கிரம் முடியுமா?"

"முடியாது டீச்சர். தராசுகிட்ட கூடைதான் குமியும்."

என் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்கத் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாத சங்கதி அது. செலின் அதையே ஒரு பாடமுறையாக்கி, பதினோரு பள்ளிகளில், ஒன்பது வருஷம் நடத்திப் பார்த்தாள். மேகமலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்குச் சின்னமனூரிலிருந்து பஸ். அந்தப் பாதையில் இடுப்பெலும்பு இருந்த இடத்தில் இருக்காது. போகும்போது வாந்தி எடுப்பாள், வரும்போது விடைத்தாள் திருத்துவாள். நான் இரண்டே தடவை கூடப் போனேன். இரண்டு தடவையும் ஜீப்பில்.

அந்த ஒன்பது வருஷமும் கடைசியில் ஒரு கட்டுரையாக உருண்டு வந்தது. மேலே இரண்டு பெயர்: செலின், அடுத்து அலி அக்பர் ஆகிய நான். செலினுடைய பதிவு ஜூனோடு காலாவதி. ஒரு கட்டுரையாவது வெளியாகாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டேன் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. அவளிடம் வேறு கட்டுரை கிடையாது. இது எனக்கும் தெரியும். நான்தானே அவளுடைய வழிகாட்டி!

ஜனவரியில் கல்லூரித் தாளாளர் முத்துக்கருப்பன் கூப்பிட்டுவிட்டார். வாழைக்காய் மண்டியில் தொடங்கிக் கல்லூரி வரைக்கும் வந்த மனிதர். பளபளக்கும் ஏசி அறையிலும் தோளில் துண்டு கிடக்கும். பக்கத்து நாற்காலியில் மகன் கார்த்திக்ராஜ் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பாய், ஏழாம் நம்பர் ரூமு வேணும். ஏஐ சென்டர் வருது. தம்பிதான் டீனு."

"ஐயா, அது ஓடுற லேபு."

"கழட்டிப் போட்ட சாமானைக் கட்டி வச்சிருக்கீக. பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்காரன்கூட யோசிப்பான்."

"அந்தச் சாமானை வச்சுத்தான் வெளிநாட்டுக்காரன் படிக்கிற மாதிரி கட்டுரை எழுதியிருக்கோம்."

சொல்லியிருக்கக் கூடாது. சரக்கு இருக்கிறது என்று வாங்க வந்தவனிடம் முதலிலேயே காட்டுகிறவன் தரகன் மகனா? முத்துக்கருப்பன் கண் சுருங்கியது. தோளிலிருந்த துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"நீங்களும் சந்தைக்காரர், நானும் சந்தைக்காரன். கையை உள்ள விடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விட்டேன்.

அவர் என் மூன்று விரலைப் பிடித்தார். மூன்று வருஷத்துக்கு ஆய்வகத்தைத் தொடமாட்டேன் என்று கணக்கு. நல்ல விலை. அடுத்து என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து இழுத்து, தாடையால் மகனைக் காட்டினார். கட்டுரையில் முதல் பெயர் அவனுடையது. நான் முகம் சுளித்தேன். சுளிப்பதும் பேரத்தில் சேர்த்திதான். பிறகு விரலைக் கொடுத்தேன். செலின் இரண்டாவது, நான் மூன்றாவது என்று மனசுக்குள் இடம் மாற்றியும் ஆகிவிட்டது.

அவர் விடவில்லை. மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்து, ஒன்றை மடக்கினார்.

"ரெண்டு பேருதான் பாய்," என்று வாயைத் திறந்தே சொன்னார். "மூணு பேருன்னா, இதுல உன் மகன் என்ன செஞ்சான்னு கேப்பாக. ரெண்டு பேருன்னா வாத்தியாரும் மாணவனும். எவனும் கேக்க மாட்டான். எந்த விரலை மடக்கணுங்கிறது உங்க பாடு."

என் விரலை நான் மடக்கியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். என் பேரைச் சொல்ல உருப்படியாக இந்த ஒரு கட்டுரைதான். செலின் சின்னப் பெண், ஆய்வகம் பிழைத்தால் அவளுக்கு அடுத்த கட்டுரை வரும் என்று எனக்கு நானே ஒரு விலை சொல்லி, எனக்கு நானே படிந்துபோனேன்.

செலினை மடக்கினேன்.

முத்துக்கருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முடிஞ்சது" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கார்த்திக்ராஜ் போனிலிருந்து தலையையே தூக்கவில்லை.

வீட்டில் அம்சத் பீவியிடம், லேபைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லி நடந்ததையும் சொன்னேன். என் மனைவி மீன் அலசிக்கொண்டிருந்தாள். "தரகர் யாரு?" என்று கேட்டாள்.

"தரகர் எதுக்கு? நானே தரகன் மகன்தானே."

"மாமா ஒரு நாளும் தன் மாட்டுக்குத் தானே தரகு பார்த்ததில்லை," என்றாள். "அதுவும் நீங்க வித்தது உங்க மாடு இல்லை."

மார்ச்சில் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை தேர்வானது. கார்த்திக்ராஜ் சிங்கப்பூர் போய் வாசித்தான். மே முதல் வாரம் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கோட்டு போட்ட டீன், பின்னால் சிங்கப்பூர்க் கப்பல், கீழே கட்டுரைத் தலைப்பு, இரண்டு பெயர். அன்றைக்கே பதினாறு கணினியும் வராந்தாவில் அடுக்கியாகிவிட்டது. ஏழாம் எண் அறையில் அட்மிஷனுக்கு வருகிறவர்கள் உட்கார சோபா போட்டிருந்தார்கள்.

தாளாளரிடம் ஓடினேன்.

"ஐயா, மூணு வருஷம்னு விரலைப் பிடிச்சீகளே!"

"மூணு வருஷமா?" நிஜமாகவே வியந்தார். "மூணு மாசம்ல பாய் சொன்னேன்! ஜனவரி போச்சு, பிப்ரவரி, மார்ச், ஏப்ரலு. ஒரு மாசம் கூடவே விட்டிருக்கேன். போர்டைக்கூட கழட்ட வேணாம்னுட்டேன். போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். சோபாவுக்கு மேலே 'இணைக்கணிப்பு ஆய்வகம்' என்று பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு அம்மா அதன் கீழே உட்கார்ந்து பிஸ்கெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செலின் வராந்தாவில் நின்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஃபிளெக்ஸைப் பார்த்தேன் சார். எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லை. நல்லா அச்சடிச்சிருக்காக."

"செலின், லேபைக் காப்பாத்தத்தான்... ரெண்டு பேருதான் போடணும்னு சொல்லிட்டாரும்மா. வேற வழி..."

"ரெண்டு பேரு." தலையாட்டினாள். "கார்த்திக்ராஜ் ஒண்ணு. மிச்சம் ஒரு இடம் இருந்துச்சுல்ல சார்?"

நான் கணினிப் பெட்டிமேல் இருந்த தூசியைத் தட்டினேன்.

அவள் பையிலிருந்து ஒரு படிவம் எடுத்தாள். பிஎச்.டி. பதிவை விலக்கிக்கொள்ளும் படிவம். காரணம் என்ற கட்டத்தில் சுத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'ஆய்வுக் கட்டுரை எதுவும் வெளியாகவில்லை.' கீழே வழிகாட்டி கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"அவசரப்படாத. பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம். நடந்ததைச் சொல்லி..."

"எழுதுறீகளா?" சட்டென்று நிமிர்ந்தாள். "இந்தக் கட்டுரை செலினோடதுன்னு, உங்க கையெழுத்துப் போட்டு? இப்பவே தாள் தர்றேன் சார்."

பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து, படிவத்தோடு சேர்த்துக் கணினிப் பெட்டிமேல் வைத்தாள். இரண்டு தாள், ஒரு பேனா. நான் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எழுதினால் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். என் பெயரும் போகும், வேலையும் போகும், மூன்று வருஷமும் போகும். கணக்கு ரொம்பச் சின்னது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

செலின் அவசரப்படுத்தவில்லை. மேகமலை பஸ்ஸுக்குக் காத்துப் பழகியவள்.

பேனாவை எடுத்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுதாத தாளை விட்டுவிட்டு, வராந்தாவின் கடைசிவரை போய், பதினாறு கணினியும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"முடிஞ்சது!"