‘இல்ல’ என்ற பாதிச் சொல்

லாரி ஓட்டுநர் பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது, மூலைக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க... உயிரோடதான் இருக்கீங்களா?” என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார் ஓட்டுநர். கடைக்காரர் சிரிக்கவில்லை. போனை நீட்டினார்.

அதில் ஓடிய காட்சியில் ஓட்டுநரின் மகள் இருந்தாள். பிறவியிலிருந்தே காது மந்தமான ஒன்பது வயதுப் பிள்ளை. ஊருக்கெல்லாம் உதவி செய்து அதைப் படம்பிடித்துப் போடும் ‘வள்ளல் தம்பி’ அவள் காதில் கருவியைப் பொருத்துகிறான். பக்கத்தில் அவள் அம்மா.

“பாப்பாவோட அப்பா?”

“இல்ல.”

உடனே சோக இசை. ‘தந்தையை இழந்த பிஞ்சு’ என்று எழுத்து. மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார். “எப்போ செத்தேன் நான்?”

ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் மனைவிக்கு முகம் வெளிறியது. “சத்தியமா நான் அப்படிச் சொல்லல. ‘இல்ல, வர பத்து நாளாகும்’னுதான் சொன்னேன்.”

“அப்பன் இல்லன்னாதான் மிஷின் தருவான்னு எவனாவது சொல்லிக்கொடுத்தானா?”

“என்னங்க, என்னையே சந்தேகப்படுறீங்களா?”

அவர் தானே போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைக்கூட அவரே கழுவினார். அந்த விலகல்தான் அவளைச் சுட்டது. கேட்டுவிடலாம் என்றால் வள்ளல் தம்பியும் போனை எடுக்கவில்லை. உண்மையிலேயே தான் பாதியோடு நிறுத்திவிட்டோமோ என்று அவளுக்கே தன்மேல் ஐயம் வந்துவிட்டது.

மறுநாள் காலை மகள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பேச்சைக் கேட்டு அல்ல, வாயசைவைப் பார்த்தே வளர்ந்தவள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, நீ இன்னும் பேசி முடிக்கல. இங்க பாரு, பல்லு உதட்டுல படுது. ‘வ’ சொல்லப் போற. அதுக்குள்ள வெட்டிட்டாங்க.”

ஓட்டுநர் குனிந்து பார்த்தார். மூன்றாம் முறை பார்த்ததும் போனைக் கீழே வைத்தார். “நான் கேட்டது தப்பு” என்றார் மனைவியிடம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூவரும் வள்ளல் தம்பியின் அலுவலகத்துக்குப் போனார்கள். பெரிய விளக்குகளுக்கு நடுவே அவன் தலை வாரிக்கொண்டிருந்தான்.

“அக்கா, சோகம் இருந்தாதான் ஜனங்க பாப்பாங்க. அவங்க பாத்தாதான் அடுத்த பிள்ளைக்கு மிஷின். நல்லதுதானே?”

“நல்லதுதான்,” என்றாள் அவள். “அதுக்கு என் வீட்டுக்காரரைக் கொன்னுதான் ஆகணுமா? நான் பேசினதை முழுசாப் போடு. இல்லன்னா எங்க தொழிற்சாலையில இருக்கிற நானூறு பேரும் இங்க வந்து நிப்பாங்க.”

அவன் ஓட்டுநரின் தோளகலத்தை ஒருமுறை அளந்தான். மாலையே முழுக் காட்சியும் வந்தது. கூடவே, ஓட்டுநர் மகளோடு நிற்கும் படமும்.

இம்முறை இரண்டாயிரம் பேர்கூடப் பார்க்கவில்லை. முதல் ஆளே கீழே எழுதியிருந்தார்: ‘இது நிஜ அப்பாவா, வாடகைக்குப் பிடிச்ச ஆளா?’

ஓட்டுநர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். சிரிக்கக்கூடாது என்றுதான் மனைவி இருந்தாள். முடியவில்லை.