யாரும் தோற்காத சனிக்கிழமை

ஹார்லோ கிரீக் உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் விளையாட்டுச் சங்கத்தில் விளையாட்டைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. ஒரு வாரம் விடாமல் எட்டு மணி நேரம் தூங்கினால் ஐந்து புள்ளி. மிட்டாய் தின்னாமல் இருந்தால் ஐந்து. பையன்களின் கால்பந்து ஆட்டத்தன்று மழையில் நின்று ஹாட் டாக் விற்றால் பத்து. அந்த ஹாட் டாக்கில்தான் பையன்களுக்குப் புது ஸ்வெட்டர் வந்தது என்பதைச் சங்கத்தின் ஆண்டறிக்கை ‘சேவை’ என்ற தலைப்பின் கீழ் பூரிப்போடு சொன்னது. ஆயிரம் புள்ளி சேர்ந்தால் ஸ்வெட்டரில் தைத்துக்கொள்ளப் பள்ளியின் முதலெழுத்தைக் கம்பளித் துணியில் வெட்டித் தருவார்கள். பையன்களுக்குத் தருவது சாப்பாட்டுத் தட்டு அளவு. பெண்களுக்குத் தருவது பிஸ்கட் அளவு.

சங்கத்தின் தலைவி வெர்னா கோஸ்டெல்னிக். இரும்பாலைக்காரர் மகள், பதினேழு வயது, எந்த மூலையில் நின்று எறிந்தாலும் பந்தைக் கூடைக்குள் விழவைக்கிற கை. அவளிடம் தொள்ளாயிரத்து அறுபது புள்ளி இருந்தது. பந்தைத் தொட்டுச் சம்பாதித்தது அதில் எண்பதுகூடத் தேறாது. மீதியெல்லாம் தூக்கமும் ஹாட் டாக்கும்.

பள்ளியை விட்டுப் போக இன்னும் மூன்று வாரம். அதற்குள் அவளுக்கு ஒரே ஒரு ஆட்டம் வேண்டியிருந்தது. ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் இடையே நடக்கிற, யாரோ ஒருவர் தோற்கிற, உண்மையான ஆட்டம். அப்படியொன்று பெண்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு இருந்தது ‘விளையாட்டு நாள்’.

வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை பிராண்ட் மில்ஸ் பள்ளிப் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இரண்டு பள்ளிப் பெயர்களையும் ஒரே தொப்பியில் போட்டுக் குலுக்கி, கலந்துகட்டி, பூப்பெயர் சூட்டி அணி பிரிப்பார்கள். கழுத்தில் மாட்டி இடுப்பில் நாடா கட்டுகிற வண்ணத் துணி, அதன் மேல் தையல் வகுப்பில் தைத்த பூ. டாஃபடில் லைலாக்கோடு விளையாடும். லைலாக் டூலிப்போடு விளையாடும். புள்ளி எண்ண மாட்டார்கள். முடிந்ததும் எல்லோரும் பழரசம் குடிப்பார்கள்.

“இங்க யாரும் தோக்கறதில்ல, கண்ணுகளா,” என்பார் சங்கத்தின் பொறுப்பாசிரியை மிஸ் புரூயிட். மாரடைப்பு வந்தவரின் படுக்கையருகே நின்று பேசுகிற குரல் அவருக்கு.

போன வருடம் வெர்னா டூலிப். பிராண்ட் மில்ஸின் லொரெய்ன் டெடெஸ்கோவும் டூலிப். லொரெய்ன் தடுப்பாட்டக்காரி. எதிரே வந்தவள் கையிலிருந்த பந்தையெல்லாம் பழம் பறிப்பதுபோலப் பறித்துக்கொண்டிருந்தாள். பழரசம் குடிக்கும்போது வெர்னாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நல்லாத்தான் போடுற. நான் எதிர்ல நின்னிருந்தா ஒண்ணுகூடப் போட்டிருக்க மாட்ட.”

அந்த ஒரு வாக்கியத்தை வெர்னா ஒரு வருடம் சுமந்தாள். பல் துலக்கும்போதுகூட அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநான்காம் வருடத்து விளையாட்டு நாளில், பிரின்சிபால் விட்கோம்ப் வரவேற்புரைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்த நேரத்தில், உடை மாற்றும் அறையில் இரண்டு பள்ளிப் பெண்கள் அவசர அவசரமாக நாடா அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னாவின் தோழி மைர்ட்டில் ஓக்ஸ் கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் நின்றாள்.

“லைலாக் பூரா நாங்க. டாஃபடில் பூரா நீங்க,” என்றாள் வெர்னா.

“உனக்குக் கிறுக்கு முத்திடுச்சு,” என்றாள் லொரெய்ன், லைலாக்கைக் கழற்றி எறிந்தபடி. “மாட்டிக்கிட்டா?”

“என் மேல பழியப் போடு.”

“போடாம? உன் மேலதான்டி போடுவேன். அதுல உனக்குச் சந்தேகமே வேண்டாம்.”

“சீக்கிரம்டி,” என்றாள் மைர்ட்டில். “பெரியவர் ‘மலரும் பெண்மை’ வரைக்கும் வந்துட்டாரு.”

விட்கோம்பின் உரை வருடாவருடம் அதே உரை. பெண்ணின் இதயம் ஒரு மென்மையான கருவி. போட்டி என்பது அதன் மேல் ஏறி மிதிக்கும் குதிரை. ஆடுவது ஆனந்தத்துக்காக. இதைச் சொல்லிவிட்டு அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே கண்ணாடி அலமாரியில் பையன்கள் ஜெயித்த முப்பத்தோரு கோப்பைகள் பளபளத்தன.

பெண்கள் கூடைப்பந்துக்குத் தனிச் சட்டம். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்து போடும் மூவர் ஒரு பாதியில், தடுக்கும் மூவர் மறு பாதியில். கையில் பந்து வந்தால் தரையில் இரண்டு முறை தட்டலாம். மூன்றாவது முறை தட்டினால் பெண்ணின் உடம்புக்குள் ஏதோ அறுந்துவிடும் என்று எங்கோ ஒரு கமிட்டி கண்டுபிடித்திருந்தது. ஆக, வெர்னா நின்ற பாதியில் அவளும் லொரெய்னும் நேருக்கு நேர். ஊதல் மிஸ் புரூயிட்டின் வாயில்.

முதல் ஐந்து நிமிடம் லொரெய்ன் சொன்னது பலித்தது. வெர்னாவுக்கு வந்த நான்கு பந்தில் மூன்றைத் தட்டிப் பறித்தாள். நான்காவது கூடையின் விளிம்பில் பட்டு ஓடிப்போனது.

“ஒரு வருஷமா என்னத்தடி பழகின?” என்று கேட்டாள் லொரெய்ன்.

அடுத்த பந்தை வெர்னா அவள் தலைக்கு மேலாகப் போட்டாள். அதற்கடுத்ததையும். மூன்றாவது முறை லொரெய்னின் முழங்கை அவள் விலாவில் இறங்கியது. அதற்கடுத்த முறை வெர்னாவின் தோள் லொரெய்னின் தாடையைச் சந்தித்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த டூலிப்களும் ரோஜாக்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். மைர்ட்டில் விரல்விட்டு எண்ணி, எண்ணியதைக் கத்தினாள். யாரோ “பிராண்ட் மில்ஸ்!” என்று கூவ, யாரோ “ஹார்லோ!” என்று திருப்பிக் கூவினார்கள்.

மிஸ் புரூயிட்டுக்கு முதலில் சந்தேகம் வந்தது கூச்சலால் அல்ல. விளையாட்டு நாளில் ஒருத்தி இன்னொருத்தி மேல் மோதினால் “ஐயோ, சாரி” என்பாள். பத்து நிமிடமாக ஒரு சாரிகூட அவர் காதில் விழவில்லை. டாஃபடில்களின் முகங்களை வரிசையாகப் பார்த்தார். லைலாக்குகளைப் பார்த்தார். முன்வரிசையில் பிரின்சிபால் எழுந்து, அடுப்பை அணைக்கச் சொல்வதுபோல, கையைக் குறுக்கே அசைத்துக்கொண்டிருந்தார். மிஸ் புரூயிட் ஊதலை வாயில் வைத்தார். ஆனால் ஊதவில்லை.

“பதினேழு, பதினாறு! அவங்க ஒண்ணு மேல!” என்று கத்தினாள் மைர்ட்டில்.

நடுக்கோட்டுக்கு மேலாகப் பறந்துவந்த பந்தை வெர்னா எட்டிப் பிடித்தாள். இடப்பக்கம் ஏமாற்றி, தட்டி, வலப்பக்கம் திரும்பி, தட்டி, லொரெய்னின் விரல்நுனிகளுக்கு மேலாக எறிந்தாள். பந்து வலையை உரசி உள்ளே இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஊதல் கேட்டது. நீளமாக.

“முடிஞ்சுது. எல்லாரும் பழரசத்துக்கு வாங்க,” என்றார் மிஸ் புரூயிட். குரலில் அந்தப் படுக்கையருகு மென்மை இல்லை. மூச்சு வாங்கியது.

பழரச மேசை ஓரமாகவே விசாரணை நடந்தது. விட்கோம்ப் கையில் வெள்ளரிக்காய் சாண்ட்விச்.

“யார் செஞ்ச வேலை இது?”

“நான்தான், சார்,” என்றாள் வெர்னா.

“தலைவியா? இவ்வளவு வெறி! இவ்வளவு மூர்க்கம்! பெண் பிள்ளைகளா நீங்க? ஒருத்திக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

“ஆகல, சார்.”

“ஆகியிருந்தா?”

வெர்னாவின் காதுமடல் கொதித்தது. “போன அக்டோபர்ல கால்பந்து ஆட்டத்துல ஆர்ச்சி லண்டுக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சுது. அவனத் தூக்கிட்டுப் போறப்ப நீங்க எழுந்து நின்னு கைதட்டுனீங்க. ஊரே தட்டுச்சு. நான் ஹாட் டாக் டப்பாவக் கீழ வெச்சிட்டு நானும் தட்டுனேன். அவன் மென்மையான கருவி இல்லையா, சார்?”

சாண்ட்விச் பாதி வழியில் நின்றது.

“இருநூறு புள்ளி கழிக்கப்படும்,” என்றார் விட்கோம்ப். “எழுத்து கிடையாது. தலைவிப் பதவியும் கிடையாது. இப்ப, இந்த நிமிஷமே, விருந்தாளிங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

இருநூறு புள்ளி. நாற்பது வாரத் தூக்கம். வெர்னாவுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பழரசக் குடுவையை எடுத்துக் கோப்பை அலமாரி மேல் எறிய வேண்டும்போலத்தான் வந்தது. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு லொரெய்ன் பக்கம் திரும்பினாள்.

“மன்னிப்பு எனக்கு வேண்டாம்,” என்றாள் லொரெய்ன். தாடை வீங்கியிருந்தது. “நீ மூணு தடவை தட்டின. அதுக்கு முதல்ல பதில் சொல்லு.”

“என்னது?”

“கடைசிப் பந்து. மூணு தட்டு. அது செல்லாது.”

“ரெண்டு!”

“மூணுடி! இடப்பக்கம் ஒண்ணு, திரும்பறப்ப ஒண்ணு, எறியறதுக்கு முன்னாடி கள்ளத்தனமா ஒண்ணு!”

“கண்ணு தெரியலன்னா டாக்டரப் போய்ப் பாரு! நான் தட்டுனது ரெண்டு!”

“பெண்களே,” என்றார் விட்கோம்ப். யாருக்கும் கேட்கவில்லை. லைலாக்குகள் “ரெண்டு” என்றார்கள். டாஃபடில்கள் “மூணு” என்றார்கள். ஒரு பிஸ்கட் தட்டு கவிழ்ந்தது.

“மிஸ்!” வெர்னா திரும்பினாள். “ஊதல் உங்க கையில. நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க? சொல்லுங்க. ரெண்டா, மூணா?”

எல்லோரும் திரும்பினார்கள். விட்கோம்பும் திரும்பினார், அவர் முகத்தில் ஒரு நிம்மதி. கண்ணுகளா, இங்கே எண்ணுவது வழக்கமில்லை என்று மிஸ் புரூயிட் சொல்லப்போகிறார். பதினாறு வருடமாகச் சொல்லிவருகிறவர்.

மிஸ் புரூயிட் ஊதலின் கயிற்றை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“மூணு,” என்றார்.

“மிஸ் புரூயிட்!” என்றார் விட்கோம்ப்.

“மூணாவது ரொம்பத் தாழ்வா இருந்துச்சு, சார். நீங்க உக்காந்த இடத்துலருந்து தெரிஞ்சிருக்காது.” பிறகு வெர்னாவைப் பார்த்தார். “அந்தப் பந்து செல்லாது. பதினேழு, பதினாறு. பிராண்ட் மில்ஸ் ஜெயிச்சுது.”

டாஃபடில்கள் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லொரெய்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். வெர்னாவுக்கு முகம் முழுக்க ரத்தம் ஏறியது. தன் கையைப் பார்த்தாள். தட்டியதை அது எண்ணி வைத்திருக்கவில்லை.

“அநியாயம் மிஸ் இது!” என்று கத்தினாள். “ரெண்டுதான்! சத்தியமா ரெண்டுதான்!”

பஸ் கிளம்பும்வரை கத்தினாள். கிளம்பியதும் அதன் பின்னாலேயே ஓடினாள். லொரெய்ன் ஜன்னலிலிருந்து மூன்று விரலை நீட்டிக் காட்டினாள். வெர்னா இரண்டு விரலை உயர்த்திக்கொண்டு, ரயில்வே கேட்வரை ஓடினாள்.